பவுன் இறங்காது

துபாயில் நான் பணிபுரிந்த கம்பெனி ஓர் ஆங்கிலேயருடையது. நகரின் தேரா பகுதியில், கடற்கழியை ஒட்டிய கட்டடத்தில் அலுவலகமும், அதன் பின்புறம் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையும் இருந்தன. எழுபதுகளின் நடுவில் நான் அங்கே, தட்டச்சு செய்வதைத் தொலைதூர அலுவலகத்தில் அச்சிட்டுத் தரும் டெலக்ஸ் கருவியை இயக்கினேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்குத் தட்டச்சுப் பயிற்சியால் வாய்த்த வேலை அது.

ஜெர்மனியிலிருந்து கம்பெனி பம்புகள் வாங்கிக்கொண்டிருந்தது. ஆகையால் காலைதோறும் லண்டன் அலுவலகம் ஒரு வரி அனுப்பும்: ஒரு பவுனுக்கு இன்று எத்தனை ஜெர்மன் மார்க் என்பது அதில் இருக்கும். அதைக் குறித்துவைக்க ஒரு நோட்டு உண்டு. எனக்கு முன்னிருந்தவர் எழுதிய பழைய பக்கங்களில் எட்டு மார்க்குக்கு மேல் கண்டிருந்தது. நான் பொறுப்பேற்றபோது ஐந்தரைக்கு வந்திருந்தது. பக்கத்தின் தலைப்பில் நான் ‘மார்க்’ என்று மட்டும் எழுதிவந்தேன். பிழை அங்கேதான் தொடங்கியது.

பட்டறையில் லேத் என்னும் கடைசல் இயந்திரத்தை ஓட்டியவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்; என் வயதுதான், நெருங்கிய நண்பர். ஊரில் சொந்தமாக ஒரு பட்டறை போட வேண்டும் என்பதற்காகவே ஆறு ஆண்டுகளாக இங்கிருந்தார். சம்பளத்தில் ஒரு பகுதியை லண்டன் வங்கியில் பவுனாகச் சேர்த்து இரண்டாயிரம் வைத்திருந்தார்; அதன்பின் மிச்சமானது பட்டறைக் கட்டடத்துக்காக ஊருக்குச் சென்றது. ஜெர்மனியில், ஆறடி நீள ஷாஃப்ட், அதாவது இரும்புத் தண்டு, கடையக்கூடிய பழைய லேத் ஒன்று பத்தாயிரத்து நானூறு மார்க்குக்கு விலை பேசி முடித்திருந்தார். அதை இந்தியாவுக்குக் கொண்டுசெல்ல அரசாங்கத்தின் அனுமதிச் சீட்டும் கிடைத்துவிட்டது. சீட்டுக்குக் கெடு ஓர் ஆண்டு.

காலை பத்து மணித் தேநீர் வேளையில், எண்ணெய்க் கையைத் துடைத்தபடி என் ஜன்னலுக்கு வருவார்.

“என்னங்க, இன்னிக்கு மார்க்கு எவ்வளவுங்க?”

“அஞ்சு இருபது.”

“போன வாரம்?”

“அஞ்சு இருபத்தஞ்சு.”

“அப்ப எறங்குதுங்க. இன்னுங் கொஞ்சம் எறங்கட்டும். கப்பல் கூலிக்கு ஒரு இருநூறு பவுன் மிச்சமாகட்டுங்க.”

அன்றைய விலையில் அவரிடமிருந்த பணம் இயந்திரத்துக்குச் சரியாக இருந்தது. “ஆமாம், இறங்குது” என்று நானும் சொன்னேன். எண் குறைந்தால் பொருள் மலிகிறது என்பதே நாங்கள் கடைத்தெருவில் கற்ற கணக்கு. தலைப்பில் மார்க் என்று இருக்கிறது, அதன் கீழே எண் குறைகிறது. இதில் ஐயப்பட என்ன இருக்கிறது என்று எண்ணினேன்.

இதற்கும் மேலாக, பவுன் என்ற சொல் எங்கள் இருவரையும் ஏமாற்றியது. ஊரில் தங்கக் காசும் பவுன், இங்கிலாந்து நோட்டும் பவுன். மகளுக்குப் பத்துப் பவுன் போட வேண்டும் என்று பேசிப் பழகிய வாய்க்கு, லண்டன் பவுனும் தங்கத்தின் உறவாகவே பட்டது. ஒருமுறை நானே கேட்டேன், ஒருவேளை பவுன் இறங்கினால் என்ன செய்வீர்கள் என்று. அவர் சிரித்தார். “பவுன் எங்கயாச்சும் எறங்குமுங்களா? நல்லா கேட்டீங்க போங்க.”

தொழிலாளர் தங்கும் கேம்பில் அவருடைய அறையில் தஞ்சாவூர் டிரைவர் ஒருவர் இருந்தார். வாரம் ஒருநாள் நான் அங்கே சாப்பிடச் செல்வேன். எங்களைக் கண்டதும் டிரைவர் தொடங்கிவிடுவார்.

“லேத்து மொதலாளி வர்றாரு, எடம் விடுங்கப்பா. மொதலாளி, இன்னிக்கு எத்தன மார்க்கு வாங்குனீங்க?”

“நாலே முக்காலுங்க.”

“அஞ்சுக்குக் கீழ போயிட்டீங்களா? எங்க வாத்தியாரா இருந்தா மார்க்கு கொறஞ்சா பெயிலுதான்.”

அறையே சிரித்தது, நானும் சிரித்தேன். எங்களுள் கணக்கைச் சரியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான் என்பது அவருக்கும் தெரியாது.

எண் நான்கைத் தொட்டபோது, இனிப் பொறுக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. சீட்டுக்கு இரண்டு மாதக் கெடு மிஞ்சியிருந்தது. ஒரு வியாழக்கிழமை இருவரும் வங்கிக்குச் சென்றோம். பம்பாய்க்காரக் குமாஸ்தா ஒருவர் கணக்குப் போட்டுத் தாளைத் திருப்பிக் காட்டினார். இயந்திரத்துக்கு இரண்டாயிரத்து அறுநூறு பவுன் வேண்டும்.

“நஹி பாய்” என்றார் நண்பர். “மார்க் டவுன். டவுன்.”

“மார்க் நஹி, பாய். பவுண்ட் கிர் கயா” என்று குமாஸ்தா பேனாவைத் தரையை நோக்கிக் கவிழ்த்துக் காட்டினார். மார்க் இல்லை, பவுன்தான் விழுந்துவிட்டது என்பது அதன் பொருள். அவர் குரலில் ஏளனம் இல்லை. அன்று பலருக்கும் அதையே சொல்லியிருப்பார்.

வெளியே வந்ததும் நண்பர் கேட்டார்.

“ஆரம்பத்துலயே வாங்கியிருந்தா முடிஞ்சிருக்குமுங்களா?”

“முடிஞ்சிருக்கும்.”

“நீங்க நெம்பரத்தான் சொன்னீங்க. எறங்குதுன்னு சொன்னது நானுங்க.”

“நானும் ஆமாம்னுதானே சொன்னேன்.”

கெடுவை நீட்டிக்கக் கோரி அன்றிரவே அவர் அரசாங்கத்துக்கு மனு எழுதினார்.

கெடுவை நீட்டிக்க வழியில்லை என்று கடிதம் வந்தது. அறுநூறு பவுன் சேர்க்க இன்னும் ஓர் ஒப்பந்தக் காலம் இருந்தாக வேண்டும். அதற்குள் சீட்டு செல்லாததாகிவிடும். மேலாளரிடம் அனுமதி பெற்று, ஜெர்மன் வியாபாரிக்கு நானே டெலக்ஸ் அனுப்பினேன்: எட்டாயிரம் மார்க்குக்குள் வேறு இயந்திரம் உண்டா என்று. மூன்றாம் நாள் பதில் வந்தது. உண்டு, கடையும் நீளம் நாலரை அடி.

நண்பர் அந்தத் தாளை ஜன்னலருகே நின்று படித்தார். “ஒண்ணரை அடி போச்சுங்க” என்றார். பிறகு, அதையே வாங்கிவிடச் சொன்னார். கப்பல் கூலிக்கு அவருடைய கடைசி மூன்று மாதச் சம்பளம் சென்றது.

அவர் ஊர் திரும்பிய வாரத்தில் நான் நோட்டின் தலைப்பை மாற்றினேன். நூறு பென்ஸ் ஒரு பவுன்; ‘ஒரு மார்க் வாங்க எத்தனை பென்ஸ்’ என்று எழுதி, பழைய எண்களையும் அவ்வாறே திருப்பிக் கணக்கிட்டேன். அவர் காத்திருந்த மாதங்களில் பத்தொன்பது பென்ஸ் இருபத்தைந்து ஆகியிருந்தது. இப்படி எழுதியிருந்தால் அவர் முதல் வாரத்திலேயே வாங்கியிருப்பார். மேலாளர் பார்த்துவிட்டு ஏன் மாற்றினாய் என்று வினவினார். படிக்க எளிதாக இருக்கும் என்று மட்டும் சொன்னேன்.

மறு ஆண்டில் நண்பரிடமிருந்து கடிதம் வந்தது. பட்டறை ஓடுகிறது, இரண்டு பேர் வேலைக்கு இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். கடைசியில் இரண்டு வரி: “நேற்று ஆறடி ஷாஃப்ட் ஒன்று கடைசலுக்கு வந்தது. அடுத்த தெருப் பட்டறைக்கு வழி சொல்லி அனுப்பிவிட்டேன்.”