ரத்தினம்மாவின் பெருமூச்சு

ரத்தினம்மா பெருமூச்சு விடுகிறாள். குழாயடியில் அவள் குடம் நிரம்பி வழிகிறது. கண்ணோ எதிர்வீட்டு மங்களத்தின் புதுப் பித்தளை அண்டாவில் இருக்கிறது. தோள் இரண்டும் காதுவரை ஏறும். ஒரு நொடி அங்கேயே நிற்கும். பிறகு, "ஹூம்ம்ம்... குடுத்து வச்சவங்க!" என்று மொத்தமும் வெளியே வரும்.

கப்பலேறி வந்த தமிழர்கள் வாழும் சிராங்கூன் சாலையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. ஊரே வாயைப் பிளந்தது. அவளிடமிருந்து ஒரு மூச்சு வரவில்லை. டிராம் அண்டை வீட்டுக்காரிக்குச் சொந்தமில்லையே! வயிறு எரிய அவளுக்குத் தெரிந்த ஆளாக வேண்டும்.

நாலு வீட்டுக்கு மசாலை அரைத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. எந்த அடுப்பில் என்ன வேகிறது என்பது அவள் அம்மிக்குத்தான் முதலில் தெரியும். "இந்த வாரத்துல ரெண்டாவது தடவ கறியா? குடுத்து வச்சவங்க!" என்பாள். குழவி கொஞ்சம் வேகமாக உருளும்.

முதலில் எல்லோரும் பயந்தார்கள். அவள் தலை தெரிந்ததும் மங்களம் பால் கறக்கிற இடத்தில் சாக்கைத் தொங்கவிட்டு மாட்டை மறைத்தாள். பிள்ளைத்தாய்ச்சிகள் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார்கள். அவள் மூச்சு பட்டு எதுவும் கெட்டதாகத் தகவல் இல்லை. மாடு அதுபாட்டுக்குக் கறந்தது.

எல்லாவற்றையும் மாற்றியவர் துணி மூட்டைக்காரர் அப்துல் கஃபார். நாகூர்க்காரர், வாரம் ஒருமுறை வருவார். ஒருநாள் பச்சைப் புடவை ஒன்றை அவர் உதறியதும் ரத்தினம்மாவின் தோள் ஏறி இறங்கியது.

"பாத்தீங்களா தங்கச்சி! அந்தம்மா மூச்சு விட்டாச்சு லா. சரக்கு அசல். இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

புடவையை மூன்று பேர் இழுத்தார்கள். அன்றிலிருந்து அவர் மூட்டையை ரத்தினம்மாவின் வாசலில்தான் பிரிக்கிறார். புதுசு கட்டிய பெண்கள் ஏதாவது சாக்குச் சொல்லி அவள் எதிரே ஒரு நடை நடந்துவிட்டுப் போகிறார்கள். மூச்சு வராவிட்டால் முகம் தொங்கிவிடுகிறது. ஒருத்தி சண்டைக்கே வந்துவிட்டாள்: "ஒரு சின்ன மூச்சுகூட விடலியேக்கா!"

"வரலடியம்மா. நான் என்ன, வச்சுக்கிட்டா வஞ்சன பண்றேன்?"

அது உண்மை. பொய்மூச்சு அவளுக்கு வராது.

போன வாரம் அவளுக்கே ஒரு நகை வந்தது. கணவன் கோவிந்தசாமி, சாலைக்குத் தண்ணீர் தெளிக்கும் மாட்டுவண்டி ஓட்டுகிறவன், ஆறு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சிவப்புக்கல் தோடு செய்துகொண்டு வந்தான்.

"போட்டுப் பாரு புள்ள. இனிமே நீ யார் காதையும் பாத்து ஏங்கக் கூடாது."

போட்டுக்கொண்டாள். கண்ணாடி முன்னால் காத்திருந்தாள். தோள் ஏறவில்லை. வலிய இழுத்து விட்டுப் பார்த்தாள்; வெறும் காற்றுதான் வந்தது. கல் போலியோ என்று பத்தரிடம் ஓடினாள். அவர் பிள்ளைமேல் சத்தியம் செய்தார். "பிடிச்சிருக்கா புள்ள?" என்று கோவிந்தசாமி தினமும் கேட்கிறான். "ம்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஒரு மனுஷனின் ஆறு வருஷத்து உழைப்பு காதில் கிடக்க, மனசு குளிரவில்லையே என்று அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருக்கிறது.

மங்களம் ஒருத்தி வயிறெரிந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. பால் கறக்கும் நேரம் பார்த்துப் போய், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டு நின்றாள். மங்களம் நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா! உங்க முகத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. நூறு வருசம் போட்டுக்கிட்டு நல்லா இருங்க."

அந்தப் பேச்சில் துளி கள்ளம் இல்லை. இப்படியும் ஒருத்தியால் இருக்க முடிகிறதே என்று ரத்தினம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இடது காதின் திருகைக் கழற்றினாள். வலது காதுத் தோட்டையும் எடுத்தாள். பால் ஈரம் காயாத மங்களத்தின் கையில் இரண்டையும் வைத்து, "நீ போட்டுக் காட்டுடி. ஒரே ஒரு தரம்" என்றாள்.

மங்களம் ஒன்றும் புரியாமல் மாட்டிக்கொண்டாள். ரத்தினம்மா அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பிவிட்டு, இரண்டடி பின்னால் தள்ளி நின்று, தோள் ஏறக் காத்திருந்தாள்.