ஒரு கை கூடுதல்

நகராட்சி நடத்தும் இளைஞர் மன்றத்துக்கு அவள்தான் பொறுப்பாளர். வயது ஐம்பதை எட்டிப் பார்க்கிறது. இருந்தாலும் அங்கே வரும் பிள்ளைகளுக்கு அவள் அக்காதான். முன்பு வந்தவர்களின் பிள்ளைகளும் இப்போது வருகிறார்கள், அவர்களுக்கும் அக்காதான். முறையெல்லாம் யார் பார்க்கிறார்கள்!

பிள்ளைகள் காரியத்தைப் பிள்ளைகளே முடிவு செய்ய வேண்டும் என்பது அவள் பிடிவாதம். கேரம் போர்டு வாங்குவதானாலும் சரி, சுவருக்கு வண்ணம் அடிப்பதானாலும் சரி, வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கை தூக்க வேண்டும். கூட்டாளி தூக்கினான் என்று தானும் தூக்குகிற மந்தைப் புத்தி கூடாதாம். அக்கா மட்டும் கண்ணைத் திறந்து எண்ணுவாள். அவளுக்கு ஓட்டு கிடையாது. எதிர்த்துத் தூக்கியது ஒரே ஒரு கையானாலும், அந்த ஆள் பேசி முடிக்காமல் முடிவு கிடையாது.

அவளுக்கு இடப்பக்கம் ஒரு பெண் உட்காருவாள். வாயே திறக்க மாட்டாள் என்பதால் மற்றவர்கள் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். கையும் தூக்க மாட்டாள். அக்கா தன் இடக்கையால் அவள் முழங்கையை மெல்ல நெம்புவாள்.

"சும்மா தூக்கும்மா. உன் கையும் கணக்குல வரும்."

அந்தக் கை எழுந்ததே இல்லை. ஒரு மழைக்காலத்துக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. அக்கா அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல.

அதற்குப் பிறகுதான் கணக்கு உதைக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் ஒரு கை கூடுதல். வலப்பக்கம் தொடங்கி வட்டத்தை எண்ணி முடிக்கும்போது, கடைக்கண்ணில், அந்தக் காலி நாற்காலிப் பக்கம் ஒரு கை நிற்கும். திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. வெளியே சொன்னால் மறை கழன்றுவிட்டது என்பார்கள். அதனால் ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் சொல்வாள். குரல் நடுங்காமல் சொல்லப் பழகிக்கொண்டாள்.

மன்றத்தின் கூரை இப்போதோ அப்போதோ என்று நின்றது. வேறு தெருவில் ஒரு நல்ல கட்டடத்தைத் தருவதாக நகராட்சி அதிகாரியம்மா வந்து சொன்னார். அன்றே முடிவு சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. அக்கா மட்டும் தயங்கினாள். எல்லாரும் போய்விட்டால் அந்தக் கை இங்கே தனியாக யாரைப் பார்த்து நிற்கும்? இத்தனை நாள் பயந்தவளுக்கு அதை விட்டுப் போக மனம் வரவில்லை.

கண்கள் மூடின. போகலாம் என்று பிள்ளைகள் எல்லாரும் தூக்கினார்கள். "வேண்டாம்னு சொல்றவங்க?" என்று கேட்டாள். கடைக்கண்ணில் அதே கை.

"யாருமில்ல," என்றாள்.

அதிகாரியம்மா கண்ணை மூடியிருக்கவில்லை. "என்னங்க இது, ஒரு கை இருக்கே?"

"உங்களுக்கும் தெரியுதா மேடம்?"

"தெரியாம என்ன? உங்க கைதானே!"

குனிந்து பார்த்தாள். மடியில் வலக்கை மட்டும்தான் இருந்தது. இடக்கை தலைக்கு மேலே, ஐஸாகக் குளிர்ந்து நின்றது. இறக்கப் பார்த்தாள். யாரோ முழங்கையைத் தாங்கிப் பிடித்த மாதிரி, அது அசையவில்லை.

"அக்கா, எதிர்த்தவங்க பேசணும்," என்றான் பிள்ளைகளில் உயரமான நெட்டையன், கண்ணைத் திறக்காமலே. அவள் போட்ட சட்டம்தானே!

வாயைத் திறந்தாள். வார்த்தை தானாக வந்தது. குரல் அவளுடையதுதான்.

"அங்க எனக்கும் ஒரு நாற்காலி போடுவீங்களா?"

யார் கேட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. "போடுவோம்," என்றான் நெட்டையன். மற்றவர்களும் சொன்னார்கள். கை தொப்பென்று மடியில் விழுந்தது.

புதுக் கட்டடத்தில் முதல் கூட்டம். இடப்பக்கம் காலி நாற்காலி. ஜன்னலுக்குத் திரை வேண்டுமா என்பதுதான் கேள்வி. கண்கள் மூடின, கைகள் எழுந்தன, அவள் எண்ணினாள். ஒன்று கூடுதல். முதலில் தன் மடியைப் பார்த்துக்கொண்டாள். இரண்டு கைகளும் அங்கேதான் இருந்தன.

பிறகு, இடப்பக்கம் திரும்பி நன்றாகப் பார்த்துவிட்டு, எதையும் கழிக்காமல் எண்ணிக்கையைச் சொன்னாள்.