கண் திறந்த அச்சு

நம்பாவிட்டால் போங்கள். பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. இது நடந்தது.

என் கணவர் சிற்பி. என் கையை வார்த்து வாணலிக்குக் கைப்பிடி ஆக்குவார். என் பாதங்களை நாற்காலிக்குக் கால்களாக வைப்பார். 'இல்லத்தரசி' என்று பெயர் போட்டு விற்பார். வருகிறவர்கள் ஆகா ஓகோ என்பார்கள். அவர்களுக்குக் காபி போடுவது நான்தான்.

முதல் மனைவி ஓடிப்போய்விட்டாள் என்றார். அவளுடைய போட்டோக்களில் தலையை மட்டும் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் பானை, விளக்குமாறு என்று ஒட்டி மாட்டியிருந்தார். அவள் முகமே எனக்குத் தெரியாது. பரணில் அவளுடைய முக அச்சு மட்டும் துணி சுற்றிக் கிடந்தது.

ஒரு மதியம் அவர் வெளியே போனதும் அதை இறக்கினேன். பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றினேன். சக்களத்தி மூஞ்சியைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது!

பிளாஸ்டர் இறுகும்போது சுடும். இது சுடவில்லை... ஐஸ் மாதிரி இருந்தது.

உள்ளே ஏதோ சத்தம். உஸ்ஸ்... உஸ்ஸ்...

பிரித்தேன்.

இடது புருவத்தைப் பிளந்த தழும்பு. கண்கள் திறந்திருந்தன.

மாவுக்கடியில் கண்ணைத் திறந்து வைக்க முடியாது. உயிரோடு இருக்கிற யாராலும்...

"பாத்துட்டியா?"

பின்னால் அவர்.

"நாளைக்கு உன் மூஞ்சி. மூச்சு விட மூக்குல குழா வைக்க மாட்டேன், அழகு கெட்டுடும். கொஞ்ச நேரம் மூச்சப் பிடிச்சுக்கோ."

அன்றே கட்டின துணியோடு ஓடினேன்.

முதல் மனைவி செத்துவிட்டாள் என்று அவள் அம்மாவிடமாவது சொல்ல வேண்டும். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். ஒரு பெண் கதவைத் திறந்தாள். புருவத்தில் தழும்பு இல்லை. என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனாள்.

"நீ... உயிரோடவா இருக்கே?"

"நீங்க யாரு?"

"அவரோட மொத பொண்டாட்டி. பரண்ல கெடந்த அச்சுல மாவு ஊத்திப் பாத்தேன். உன் மூஞ்சிதான் வந்துச்சு. கண்ணத் தொறந்துக்கிட்டு... அன்னிக்கே ஓடி வந்துட்டேன்."

அப்படியானால் நான் பார்த்தது யாரை?

போன வாரம் தெரிந்தது. யாரோ அனுப்பிய கல்யாணப் படம். அவர் பக்கத்தில் புதுப்பெண். இடது புருவத்தில் தழும்பு.

அவருக்குப் போன் செய்தேன்.

"அவகிட்ட பேசணும். உடனே!"

"இப்ப முடியாது," என்றார் நிதானமாக. "மூஞ்சில மாவு பூசியிருக்கேன்."