நேராக மட்டும் ஓட்டத் தெரிந்த அக்கா

அக்காவுக்குத் தண்டனை சொல்லவேண்டிய நாளில், நீதிமன்றம் கூடுவதற்கு நான்கு மணி நேரம் முன்பே அவள் புறப்பட்டு வாசலில் நின்றாள். முக்கால் மணி நேரப் பயணம்தான், ஒன்பதரைக்குக் கிளம்பினால் போதும் என்று முந்தின நாளே இரண்டு முறை சொல்லியிருந்தேன். விடிவதற்கு முன்னால் உப்பளத்தில் இறங்கிப் பழகியவளுக்கு ஆறரை மணி என்பது பாதி நாள்.

தீபாவளிக்கு எடுத்த நீலப் புடவை கட்டியிருந்தாள். கழுத்துவரை பவுடர். மாமா பல் குச்சியோடு வெளியே வந்து அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“பாருடா உங்கக்காவ. ஜெயிலுக்குப் போறவ பவுடர் போட்டுக்கினு போறா.”

“உள்ள போட்டா போட்டோ எடுப்பாங்க இல்ல?” என்றாள் அக்கா.

சொல்லும்போது சிரித்தாள். ஆனால் கையிலிருந்த சோற்றுத் தூக்கை ஒரு இடத்தில் வைக்காமல் தூக்கிக்கொண்டே நின்றாள்.

நான் பல வருடம் பத்திரிகையில் நீதிமன்றச் செய்தி எழுதியவன். அந்த வேலையை விட்டுவிட்டு மரக்காணத்துக்குத் திரும்பி இரண்டு வருடம் ஆகிறது. அதனால் கோர்ட் என்றால் எனக்குத் தெரியும் என்று அக்கா நம்பினாள். அவள் மேலிருந்த வழக்கு, செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இல்லாமல் பொதுச் சாலையில் மொபெட் ஓட்டியது. ஒன்றரை வரிச் செய்தி. அதுவும் பக்கத்தில் இடம் மீந்தால்தான்.

அவள் மொபெட் ஓட்டக் கற்றது நாற்பத்து நான்காவது வயதில். வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. வீட்டிலிருந்து அவள் வேலை செய்யும் பாத்திகளுக்குப் போக, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம், பிறகு உப்பளத்துக்குள் வரப்பு மேல் நீண்ட தூரம். நடந்தால் ஒரு மணி நேரம். நடந்து முடித்த காலோடு நாள் முழுக்கப் பலகை இழுத்து உப்பு வார முடியவில்லை. மாமா பழைய மொபெட் ஒன்றை வாங்கினார். சாலையில் கற்றுக்கொள்ள வெட்கப்பட்டு, அவள் வரப்பிலேயே கற்றாள். மாமா பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினார். மூன்றாம் நாள் அவர் பாத்தித் தண்ணீரில் விழுந்தார். அவள் விழவில்லை.

இரண்டடி அகல வரப்பில், ஒரு பக்கம் உப்புத் தண்ணீரும் மறு பக்கம் வாரி வைத்த உப்புக் குவியலும் இருக்க, அவள் போகும் நேரான கோட்டை நான் பார்த்திருக்கிறேன். ஹேண்டில்பார் ஒரு விரல் அகலம்கூட ஆடாது. ஆனால் வரப்பில் வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. கடைசிவரை போய் இறங்குவாள். வண்டியின் பின்பக்கத்தைக் கேரியரோடு பிடித்துத் தூக்கி, வந்த திசைக்கு மாற்றி வைப்பாள். உப்புக் கூடை தூக்கிய கைக்கு அது பெரிய பாரமில்லை. வரப்பிலிருந்து சாலை ஏறும் இடத்திலும் அப்படித்தான். வீட்டு வாசலிலும் அப்படித்தான். திரும்புவது என்றால் இறங்கித் தூக்குவது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது, லைசென்ஸ் தேர்வில் எட்டுப் போடச் சொன்னபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

முதல் தடவை கால் ஊன்றினாள். ஃபெயில். இரண்டாம் தடவை எட்டின் முதல் வளைவிலேயே வண்டியை நிறுத்தி, பழக்கத்தில் இறங்கப் பார்த்தாள். மூன்றாம் தடவை போகவில்லை. கையிலிருந்த எல்.எல்.ஆரை லேமினேட் செய்து பையில் வைத்துக்கொண்டாள். அதன் ஆறு மாதக் காலம் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. அனுமந்தைப் பக்கம் வண்டிகளைச் சோதித்த போலீஸ்காரரிடம் அதைத்தான் எடுத்து நீட்டியிருக்கிறாள்.

“லேமினேட் பண்ணா லைசென்ஸ் ஆயிடுமாம்மா?” என்று அவர் கேட்டாராம்.

வண்டியை நான் என் உரிமத்தைக் காட்டி எடுத்து வந்தேன். அன்றிலிருந்து அவள் நடந்தே போனாள். மூன்றாவது வாரம் முழங்கால் வீங்கியது. நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். “நீ எத்தினி நாளைக்கு விடுவ?” என்று கேட்டாள்.

நீதிமன்றத்துக்குப் போகும் வழியில், வண்டியில் என் பின்னால் உட்கார்ந்திருந்தவள் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டாள்.

“இனிமே ஓட்டவே கூடாதுன்னு எழுதிடுவாங்களாடா?”

ஜெயிலைப் பற்றிக் கேட்கவில்லை. அபராதத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

“சொல்ல முடியாதுக்கா” என்றேன். உண்மை அதுதான். “நீ ஒண்ணும் பேசாத. கேட்டா ஒத்துக்கிறேன்னு மட்டும் சொல்லு.”

“ஒத்துக்கிறேன்” என்று என் முதுகுக்குப் பின்னால் சொல்லிப் பார்த்தாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சொன்னாள்.

நீதிபதி ஒரு பெண். அக்காவைவிடப் பத்து வயது இளையவராக இருக்கும். பதினொன்றேகாலுக்கு டவாலி அக்காவின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். முதல் கூப்பிடுதலுக்கே அவள் எழுந்து போய்விட்டாள். அவள் கூண்டில் நின்றபிறகும் அவர் வழக்கப்படி மற்ற இரண்டையும் வெளியே பார்த்துக் கூப்பிட்டு முடித்தார். அக்கா ஒவ்வொரு முறையும் “இங்கதாங்க இருக்கேன்” என்றாள்.

“லைசென்ஸ் இல்லாம வண்டி ஓட்டியிருக்கீங்க. குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?” என்று நீதிபதி கேட்டார்.

“ஓட்டினேம்மா.”

ஒத்திகை பார்த்த சொல் எங்கோ போய்விட்டது.

“ஏன் லைசென்ஸ் எடுக்கல?”

“ரெண்டு வாட்டி போனேம்மா. எட்டுல கால ஊனிட்டேன்.”

“எட்டுப் போடத் தெரியாம ரோட்டுல எப்படி ஓட்டறீங்க?”

“நேரா நல்லா ஓட்டுவேம்மா. திரும்பறதுதான் வராது.”

வக்கீல்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பியது. நீதிபதி சிரிக்கவில்லை.

“திரும்பணும்னா என்ன பண்ணுவீங்க?”

“எறங்கித் தூக்கித் திருப்பி வெச்சிடுவேன்.”

“எதை?”

“வண்டியத்தாம்மா.”

இந்த முறை தட்டச்சு செய்துகொண்டிருந்தவரும் கையை நிறுத்தினார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். என்ன வேலை செய்கிறீர்கள், எவ்வளவு தூரம் போகவேண்டும், பஸ் இல்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்கா சொன்னாள். முழங்காலைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. கேட்டால்தான் சொல்லவேண்டும் என்று நினைத்திருப்பாள்.

“சரி. ரோட்டுல எதிர்ல லாரி வருது. எறங்கித் தூக்க டைம் இருக்குமா?”

அக்கா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். அந்த லாரியை அவள் பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

“இருக்காதும்மா” என்றாள் மெதுவாக.

“இந்தக் குற்றத்துக்கு மூணு மாசம் வரைக்கும் உள்ள அனுப்பலாம். தெரியுமா?”

“தம்பி சொன்னான்.”

நீதிபதி என்னைத் தேடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதினார். அபராதம். அதோடு, நீதிமன்றம் கலையும் வரை சிறை. எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து சொன்னார்:

“ஓட்ட வேணாம்னு சொல்லல. லைசென்ஸ் வாங்குற வரைக்கும் வண்டியத் தொடக் கூடாது. எட்டுப் போட்டு வாங்கிட்டு ஓட்டுங்க. புரியுதா?”

“புரியுதும்மா” என்று கும்பிட்டாள். இறங்கி வந்தவளின் முகத்தில் பவுடர் கோடு கோடாக இருந்தது. வியர்வை.

அபராதத்தைக் கட்டிவிட்டு வந்தேன். கான்ஸ்டபிள் ஒருவர் அவளைச் சுவரோரக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார். அங்கிருந்து எங்கும் போகக் கூடாது. அவள் பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளைபோல முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இதானா ஜெயிலு?” என்று காதில் கேட்டாள்.

“இதான்க்கா.”

“ஃபேன்லாம் ஓடுது?”

‘நீதிமன்றம் கலையும் வரை சிறைத் தண்டனை விதித்துத் தீர்ப்பளித்தார்.’ இந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. எழுதிவிட்டு அடுத்த செய்திக்கு ஓடியிருக்கிறேன். அந்தத் தண்டனையை ஒருவர் அனுபவிப்பதை உட்கார்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை.

மதியம் நீதிபதி எழுந்து போனதும் அக்கா கான்ஸ்டபிளைப் பார்த்தாள். “முடிஞ்சிடுச்சாங்க?”

“இது சாப்பாட்டுக்கும்மா. சாயந்திரம் கலைஞ்சாத்தான்.” பிறகு அவர் சோற்றுத் தூக்கைப் பார்த்தார். “வராண்டாவுல உக்காந்து சாப்பிடுங்க. கேட்டைத் தாண்டிடாதீங்க.”

தூக்கில் மூன்று பேருக்குச் சோறு இருந்தது. கோர்ட்டில் யாராவது காவலுக்கு இருப்பார்கள், அவர்கள் பசியோடு இருந்தால் கோபமாக இருப்பார்கள் என்று யோசித்துக் கட்டியிருக்கிறாள். கான்ஸ்டபிள் வேண்டாம் என்றார். கருவாட்டுக் குழம்பின் மூடியைத் திறந்ததும் கொஞ்சமாக என்றார்.

“உப்பு சரியா இருக்குதா?” என்று அக்கா கேட்டாள்.

“உப்பளத்துக்காரங்க வீட்டுச் சாப்பாட்டுல உப்பு கம்மியாத்தான் இருக்குது” என்றார் அவர்.

“நாள் பூரா வாயிலயே உப்பு. வீட்லயும் எதுக்கு?”

மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தோம். ஒரு சிவில் வழக்கு ஓடியது. ஏதோ ஒரு வாய்க்காலின் எல்லை. மூன்று மணி இருக்கும். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கண்ணு கூசாம பகல்ல உக்காந்து எத்தினி நாளாச்சு தெரியுமா” என்றாள்.

நான் அவள் பக்கம் திரும்பியபோது கண்ணை மூடியிருந்தாள். வெள்ளை வெயிலைக் கண் சுருக்கிப் பார்த்தே கண்ணோரம் விழுந்த கோடுகள் இப்போது தளர்ந்திருந்தன. அந்த மடிப்புகளின் உள்ளே தோல் வெளுப்பாக இருந்தது. வெயில் படாத இடம் அவள் முகத்தில் அது மட்டும்தான். குதிகால் வெடிப்புகளை அவள் புடவை நுனியால் மறைத்திருந்தாள். தூக்கத்தில் அது விலகியது. நான் குனிந்து சரி செய்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் தலை என் தோளில் சாய்ந்தது. கான்ஸ்டபிள் பார்த்தார். எழுப்பவேண்டாம் என்பதுபோலக் கையைக் காட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஐந்தே முக்கால்வரை நான் தோளை அசைக்கவில்லை.

நீதிபதி எழுந்தபோது எல்லோரும் எழுந்தார்கள். அக்கா கடைசியாக எழுந்தாள். தூக்கக் கலக்கத்தில் காலியான நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டாள். அவ்வளவுதான், தண்டனை முடிந்தது.

திரும்பும்போதும் நான்தான் ஓட்டினேன். அவள் வழக்கமாகக் கேரியரைப் பிடித்துக்கொள்வாள். அன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பக்கவாட்டில் நீட்டி எதையோ கவனித்தபடி வந்தாள். சாலையிலிருந்து எங்கள் தெருவுக்குத் திரும்பினேன்.

“நில்லு நில்லு. மறுபடி போய்த் திரும்பு.”

போய்த் திரும்பினேன். இன்னொரு முறை என்றாள். நான்காம் முறை தெருவில் ஆட்கள் பார்க்க ஆரம்பித்தார்கள்.

“திரும்பறப்ப நீ டயரப் பாக்கறதே இல்லியே?”

“போற பக்கத்தப் பாப்பேன்க்கா. டயர எதுக்குப் பாக்கணும்?”

வரப்பில் ஓட்டுகிறவள் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால்தான் பார்க்கவேண்டும். பார்வை நகர்ந்தால் தண்ணீர். எட்டுப் போடும்போதும் அவள் அதையேதான் பார்த்திருக்கிறாள். சக்கரம் போகிற இடத்தைப் பார்த்தாள். தான் போகவேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை.

“அட நாயே, இத யாருமே சொல்லலியே” என்றாள். திட்டு எனக்கா, மாமாவுக்கா, தனக்கா என்று தெரியவில்லை.

பத்து நாளில் அந்தப் பருவத்தின் கடைசி உப்பை வாரி முடித்தார்கள். மழைக்கு முன்னால் பாத்திகள் நீர் வடிந்து, இறுகி, சிமென்ட் தரைபோலக் கிடந்தன. சாலையில் அவள் வண்டியைத் தொடக் கூடாது. பாத்தி சாலை இல்லை. உப்பளக்காரரிடம் போய்க் கேட்டாள். பாத்திக்குள் செருப்புக் காலோடு யாரும் இறங்குவதில்லை. அதை வைத்துத்தான் அவர் தயங்கினார்.

“எப்படியும் தை மாசம் மறுபடி மிதிச்சிக் கெட்டி பண்ணத்தான் போறீங்க. ஓட்டிக்க. ஆனா செருப்பு மட்டும் போடாத.”

“டயரு பரவால்லியாம், செருப்புதான் ஆகாதாம்” என்று மாமா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

மொபெட்டை நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். பாத்திக்குள் இறக்கி அவளிடம் கொடுத்தேன். அவள் வெறுங்காலோடு உட்கார்ந்தாள். முதல் நாள் பதினோரு முறை கால் ஊன்றினாள். எனக்குக் குறித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. இரண்டாம் நாள் ஆறு. மாமா எட்டின் நடுவில் போய் நின்றுகொண்டு, “என்னப் பாருடி, டயரப் பாக்காத” என்று கத்தினார். “ஒன்னப் பாத்தா ஒம்மேலதான் ஏத்துவேன்” என்றாள். அவர் விலகவில்லை. அவள் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஐந்தாம் நாள் கால் தரையில் படவே இல்லை.

புதிதாக எல்.எல்.ஆர். எடுத்து, காத்திருந்து, தேர்வுக்குப் போனபோது மழை பாத்திகளை நிரப்பி டயர் தடங்களை அழித்திருந்தது. பாஸ். வீட்டுக்கு வந்த அட்டையை அவள் லேமினேட் செய்யக் கொடுக்கப் போக, நான் தடுத்தேன்.

தை மாதம் உப்பளம் தொடங்கிய முதல் வாரம், காலை வெளிச்சத்தில் நான் வரப்பின் முனையில் நின்றிருந்தேன். பை தோளில் தொங்க, அட்டை பைக்குள் இருக்க, அவள் ஒரே கோட்டில் வந்தாள். வரப்பு அங்கே முடிந்தது. இறங்கினாள். கேரியரைப் பிடித்து, மூச்சைப் பிடித்து, வண்டியைத் தூக்கி வந்த பக்கத்துக்குத் திருப்பி வைத்தாள்.

“லைசென்ஸ் வாங்கினவ பண்ற வேலையா இது?” என்றேன்.

“போடா, வரப்புல யாருடா எட்டுப் போடுவா” என்று சொல்லிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்தியில் இறங்கினாள்.