கோவிந்தன் ரைட்டரின் தொண்ணூற்றாறு வாக்கியங்கள்

தை மாதத்தின் இரண்டாவது வாரம். காலையில் கடையைத் திறந்து ஜெராக்ஸ் மெஷினைப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தபோது, கோவிந்தன் ரைட்டரின் எண்ணிலிருந்து போன் வந்தது. கடந்த எட்டு மாதங்களாக அந்த எண்ணிலிருந்து வரும் அழைப்பு எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். அவர் ஒரு கையில் பழைய பட்டன் போனைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் இருக்கும் பெரிய போனை அதன் வாயருகே வைத்து ஒரு பொத்தானை அமுக்குவார். "தம்பி, ரைட்… பேச…ங்க" என்று அவருடைய பழைய குரல் விட்டு விட்டு வரும். அன்று மட்டும் முழு வாக்கியம் வந்தது. பேசியது அவர் மனைவி பாக்கியம் அக்கா.

"அவரு போயிட்டாருங்க தம்பி. விடியால எழுப்புனேன், எந்திரிக்கலைங்க."

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போடும் நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். கோயில் திருவிழாவில் பன்னிரண்டு வருடம் அவர் மைக்கைப் பிடித்தார், நான் சவுண்ட் மிக்ஸரைப் பிடித்தேன், அதனால் நான் எழுதுவதுதான் பொருத்தம் என்றார்கள். பொருத்தமோ இல்லையோ, நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல இதைவிட்டால் எனக்கு வேறு இடம் கிடையாது.

நான் சேலத்திலிருந்து மலையேறி வந்து கடை போட்டவன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், அதோடு கொஞ்சம் மைக் செட். முதல் திருவிழாவிலேயே ஜெனரேட்டர் நின்றுபோனது. நான் ஒயர்களுக்கு நடுவில் வியர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து மாரமங்கலத்துப் பெரியவர் ஒருவர் கூட்டத்தில் காணாமல் போய்விட்டார். கோவிந்தன் ரைட்டர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பாறை மேல் ஏறி, அந்தப் பெரியவரின் பெயரை ஊர், தகப்பன் பெயரோடு சேர்த்து மூன்று முறை கூப்பிட்டார். வளையல் கடைகளைத் தாண்டி எங்கோ இருந்த மனிதர் கையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். ரைட்டர் இறங்கி வந்து, "உங்க மைக்கு எனக்கு ஒத்தாசைக்குத்தானுங்க தம்பி, அவசரப்படாம பாருங்க" என்றார். கிண்டல்தான். ஆனால் அவர் கிண்டல் செய்தால் கோபம் வராது.

முப்பது வருடம் எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டராக, காலை ஏழு மணிக்குப் பனிக்குள் நின்று ஆட்களின் பெயரைக் கூப்பிட்ட குரல் அது. அந்த வேலையைப் பற்றி அவருக்கு ஒரு கொள்கையே இருந்தது. "பேர முழுசாக் கூப்புடோணும்ங்க. பாதிப் பேரக் கூப்புட்டா பாதி ஆளுதான் வேலைக்கு வரும்" என்பார். அவர் யாரையும் சுருக்கிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

போன சித்திரையில் தொண்டைக் கட்டு என்று சேலத்துக்குப் போனவரை டாக்டர் உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். குரல்வளையை எடுத்தால்தான் உயிர் நிற்கும், அதற்கு மூன்று வாரத்தில் தேதி. அங்கிருந்த ஒரு நர்ஸ், எடுப்பதற்கு முன்னால் தேவையான வாக்கியங்களைச் சொந்தக் குரலில் பதிந்து போனில் வைத்துக்கொண்டால் பிறகு பொத்தானை அமுக்கிப் பேசலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ரைட்டர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராக என் கடைக்கு வந்தார். "சத்தத்துக்கு நம்ம ஊர்ல ஆளு நீங்கதானுங்க" என்றார். நான் மார்தட்டாத குறையாகச் சரி என்றேன்.

எஸ்டேட்டில் மிச்சமான பேரேட்டுத் தாள்களின் பின்பக்கத்தில் தொண்ணூற்றாறு வாக்கியங்கள் எழுதி வைத்திருந்தார். காபிக்குச் சர்க்கரை கம்மி. மஞ்சக்குட்டை ஒரு டிக்கெட். ஏனுங்க, ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா. மிளகு இந்த வருசம் எப்படிங்க. பாக்கியம், அந்தக் கண்ணாடிய எடு. நொம்ப நல்லா இருக்குங்க. ஒரு மனிதன் மிச்ச ஆயுளில் என்னவெல்லாம் பேசுவான் என்று கணக்குப் போட்டு எழுதிய பட்டியலை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இரண்டு முறை படித்தேன். அவர் நீட்டிய தண்ணீரைக் குடித்துவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

என்னிடம் நல்ல மைக் இருந்தது. மைக்கின் சத்தத்தை லேப்டாப்புக்குக் கொண்டுபோகும் சின்னப் பெட்டி ஒன்றும் இருந்தது. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பார்கள். ஆனால் கடைவீதியில் அது சுற்றுலா சீசன் நேரம். ஹாரன் சத்தத்தில் பதிய முடியாது. மஞ்சக்குட்டையில் அவர் வீட்டிலேயே பதியலாம் என்று முடிவானது. காலையில் அவருக்கு இருமல். வெந்நீர் ஆவி பிடித்துச் சாப்பிட்டுப் படுத்து எழுந்தால் மதியம் மூன்று மணிக்குமேல்தான் குரல் திறக்கும். அதுவும் அரைமணி நேரம் நிற்கும்.

கோடையில் மதியம் மூன்று மணி என்றால் இங்கே என்ன என்று உங்களுக்கே தெரியும். சேர்வராயன் மலைப்பக்கம் மேகம் கட்டும், இடி உருளும். மேகம் கட்டினால் மலையில் இருக்கும் எல்லோரும் முதலில் செய்வது ப்ளக்கைப் பிடுங்குவதுதான். டிவி, ஃபிரிட்ஜ், சார்ஜர், எதையும் விடமாட்டோம். வந்த முதல் வருடமே இடியில் ஆம்ப்ளிஃபயரைப் பறிகொடுத்தவன் நான். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் நாள் பாக்கியம் அக்கா என் லேப்டாப்பின் ப்ளக்கையும் சேர்த்துப் பிடுங்கினார். மற்ற நாட்களில் நானே பிடுங்கினேன். பேட்டரி முழுசாக இருந்தது, பதிவு ஓடியது.

போட்டுக் கேட்டால், இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை குரல் கண் இமைக்கும் நேரம் காணாமல் போனது. போகும்போது டிக் என்று ஒரு சத்தம். ரைட்டர் ஹெட்போனைக் கழற்றி, "எலி கடிச்ச மாதிரி இருக்குதுங்க" என்றார். நாளைக்குச் சரியாகிவிடும் என்றேன்.

மறுநாள் ஒயரை மாற்றினேன். லேப்டாப்பின் வேறு ஓட்டையில் சொருகிப் பார்த்தேன். பெட்டிக்கான டிரைவர் மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றினேன். வைஃபையை அணைத்தேன், புளூடூத்தை அணைத்தேன், வைரஸ் தடுக்கும் மென்பொருளையும் நிறுத்தினேன். சத்தத்தைச் சேர்த்துவைத்து எடுக்கும் பஃபரின் அளவைக் கூட்டியபோது வெட்டு கொஞ்சம் குறைந்ததுபோல் இருந்தது, நிற்கவில்லை. கடைக்குக் கொண்டுவந்து சார்ஜரில் போட்டு ஒரு மணி நேரம் நானே பேசிப் பதிந்தால் ஒரு வெட்டு இல்லை. மஞ்சக்குட்டைக்குப் போனால் மறுபடியும் எலி. அவர் வீட்டு ஒயரிங் மேல் சந்தேகப்பட்டேன். ஈரக்காற்று மேல் சந்தேகப்பட்டேன். பக்கத்தில் இருந்த செல்போன் டவரைக்கூட விடவில்லை. சேலத்து நண்பனிடம் வேறொரு பெட்டியை இரவல் வாங்கி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அதுவும் அப்படியே வெட்டியது. ஒவ்வொரு நாளும் பதியும்போது லேப்டாப்பின் திரை மங்கலாக இருந்ததைப் பார்த்தேன். மழை இருட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, காபி கொண்டுவந்த பாக்கியம் அக்கா, "போன்லயே புடிச்சா ஆகாதுங்களா தம்பி?" என்று கேட்டார். போனில் பதிந்தால் டப்பாவுக்குள் இருந்து பேசுவதுபோல இருக்கும், அண்ணன் குரலுக்கு அது அடுக்காது என்று நான் ஒரு பிரசங்கமே செய்தேன். ரைட்டர் என் பக்கம்தான் பேசினார். அவருக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை. அந்தப் பிரசங்கத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னை அறையத் தோன்றுகிறது.

வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். ஒரே வாக்கியத்தை ஆறு முறை, எட்டு முறை. முகம் சுளிக்கவில்லை. நான் ஹெட்போனைக் கழற்றும் விதத்தைப் பார்த்தே, "மறுக்கா சொல்லட்டுங்களா?" என்பார். அந்த மறுக்காக்களிலேயே குரல் தேய்ந்தது. பதினெட்டாவது நாள் நான் தோற்றுப்போய் என் போனை எடுத்து அவர் முன்னால் வைத்தபோது, அவரிடமிருந்து காற்றுதான் வந்தது. நாங்கள் மூன்று பேரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே மழை கொட்டியது.

தொண்ணூற்றாறில் முழுசாகத் தேறியவை பதினொன்று. எல்லாம் குட்டி வாக்கியங்கள். ஆமாங்க. வேண்டாங்க. தண்ணி. போதும். வெட்டுக்கும் வெட்டுக்கும் இடையில் தப்பித்தவை. நீளமானவை எல்லாம் ஓட்டையோடுதான் அவர் போனில் ஏறின.

அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. கழுத்தில் துணி கட்டிக்கொண்டு அவர் கடைவீதிக்கு வந்து டீக்கடையில் பொத்தானை அமுக்குவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "காபி… சர்க்… ம்மி" என்று வரும். கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஊகித்து ஊற்றிக் கொடுப்பார். என்ன ரைட்டரே, போன் இப்படி மக்கர் பண்ணுது என்று யாராவது கேட்டால், போனைத் தட்டிக் காட்டி உதட்டைப் பிதுக்குவார். ஊரே அந்தப் போனைத் திட்டியது. புதுப் போன் வாங்கித் தர நான்கு பேர் முன்வந்தார்கள். போன் மேல் எந்தத் தப்பும் இல்லை என்பதை இன்று இங்கே எழுதுகிறேன். தப்பு என்னுடையது.

அது எனக்குத் தெரிந்தது ஆடி மாதத்தில். கடையில் பஜனைப் பாட்டு ஒன்றைப் பதிந்துகொண்டிருந்தேன். கரண்ட் போனது, லேப்டாப் பேட்டரிக்கு மாறியது, திரை மங்கியது, உடனே டிக். அதே எலி. சார்ஜர் போனதும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று லேப்டாப் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பெட்டி சொருகியிருக்கும் வழியையும் இரண்டு மூன்று நொடிக்கொருமுறை தூங்கப் போட்டிருக்கிறது. செட்டிங்கில் ஓர் இடத்தில் அதை மாற்றினேன். மறுபடி பேட்டரியிலேயே பதிந்தேன். ஒரு வெட்டு இல்லை. மொத்தம் இரண்டு நிமிட வேலை. பாடிக்கொண்டிருந்தவர்களைப் போகச் சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கி உள்ளே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாளே மஞ்சக்குட்டைக்குப் போய் அவரிடம் மட்டும் சொன்னேன். முழுசாகக் கேட்டார். பிறகு நோட்டை எடுத்து, எஸ்டேட் எழுத்து என்று நாம் சொல்லும் அந்த அச்சுபோன்ற கையெழுத்தில், "மேகம் கட்டினா புடுங்கத்தானுங்களே செய்வோம்" என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து அதன் கீழே, "யாருக்கும் சொல்ல வேண்டாம். ஆளுங்களுக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கட்டும்" என்று எழுதினார். இன்று அவர் பேச்சை மீறுகிறேன். துக்கத்துக்குப் போனபோது அக்காவிடமும் சொல்லிவிட்டேன். அவர், "அன்னிக்கே போன்ல புடிச்சிருக்கலாமுங்க" என்றார். பிறகு வந்தவர்களுக்குக் காபி ஊற்ற எழுந்துபோனார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. கார்த்திகையில் ரைட்டர் என் கடைக்கு ஓர் அம்மாவைக் கூட்டிவந்தார். மாரமங்கலத்து மாதம்மாள், இவர் பார்க்கும் அதே டாக்டரிடம் வந்து, அதே அறுவைக்குத் தேதி வாங்கியவர். பஸ்ஸில் ஒரு மணி நேரம் உட்கார முடியாத ரைட்டர், இரண்டு பஸ் மாறி அவரை என்னிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். ஷட்டரைப் பாதி இறக்கிப் பதிந்தோம். நடுவில் இடி இடித்தது. என் கை தானாக ப்ளக்குக்குப் போனது. போன கை நின்றது. நான் ரைட்டரைப் பார்த்தேன், அவர் தலையசைத்தார். பிடுங்கினேன். பதிவு நிற்காமல் ஓடியது.

முடிந்ததும் அவர் ஹெட்போனைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். "ஏனுங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டுனீங்களா, பொழுது போயிருச்சுல்லங்க" என்று மாதம்மாள் தன் வீட்டுக்காரரைக் கேட்கும் வாக்கியம். நீளமான வாக்கியம், ஒரு சொல் விடாமல் வந்தது. மூன்று முறை போட்டுக் கேட்டார். அந்த மூன்று முறையும் நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தன் போனை எடுத்துப் பொத்தானை அமுக்கினார். "நொம்… நல்… இருக்…ங்க."

கிளம்பும்போது மாதம்மாள், ஏதாவது விட்டுப்போச்சுங்களா என்று அவரைக் கேட்டார். ரைட்டர் நோட்டில் எழுதி என்னிடம் நீட்டி, படித்துக் காட்டச் சொன்னார். "கோவம் வந்தா என்ன சொல்லுவீங்களோ அதையும் பதிஞ்சுக்கோங்க. நான் அத எழுத மறந்துட்டேன்." மாதம்மாள் சிரித்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்து, வீட்டுக்காரருக்கு நான்கு வசவும், பக்கத்துக் காட்டு ஆட்டுக்கு ஒன்றும் மூச்சுவிடாமல் பதிந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொண்ணூற்றாறு வாக்கியத்தில் யாரையும் திட்ட ஒன்றுகூட இல்லை. எழுதித் திட்டலாமே என்பீர்கள். நோட்டை எடுத்து, பேனா மூடியைக் கழற்றி, கண்ணாடியைத் தேடி மாட்டி எழுதி முடிக்கும்வரை எந்தக் கோபம் நிற்கும்? அந்த அம்மாவை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, ஏனண்ணே அதை மட்டும் விட்டீர்கள் என்று கேட்டேன். அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தார். "அப்ப யாரு மேலயும் கோவம் இல்லீங்க."

அப்ப என்றுதான் எழுதியிருந்தார். பிறகு வந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை, இப்போது கேட்கவும் ஆள் இல்லை. நடுக் கடைவீதியில் நிற்க வைத்து அவர் என்னை ஒருமுறை திட்டியிருந்தால், தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அந்தத் திட்டு எனக்கு வரவேயில்லை. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த வராத திட்டுதான்.