ஓர் உத்தரணித் தீர்த்தம்

செல்லூரில் எதிர்வீட்டுச் சொக்கலிங்கம் தட்டில் போன்சாயாக வளர்த்த ஒரு சாண் வில்வமரத்தின் தளிர்கள் பிரதோஷந்தோறும் ஈசன் திருமுடி ஏறின. நாள்தோறும் பதிகம் பாடும் எனக்கு வயிறு எரிந்தது. நானும் ஒரு வில்வக்கன்றைத் தட்டில் நட்டேன். பட்டினி போட்டால்தான் போன்சாய் குள்ளமாகும் என்றெண்ணிப் பூசையறையில் வைத்து, தினமும் பூசைக் கரண்டியால் ஓர் உத்தரணித் தீர்த்தம் மட்டுமே விட்டேன். இலைகள் உதிர்ந்தன. கன்று பட்டுவிடுமோ என்றஞ்சி, மனம் கூசி, அவரையே அழைத்தேன்.

"என்னண்ணே, மரத்துக்கும் விரதமா?" என்று சிரித்தார். "கிளையையும் வேரையும் வெட்டித்தாண்ணே குள்ளமாக்கணும். அதுக்கு வெயிலு வேணும், வயிறு நெறயத் தண்ணி வேணும்."

இப்போது மொட்டைமாடி வெயிலில் வைத்து, தட்டின் துளைவழியே வழியுமளவு நீர் விடுகிறேன். சென்ற பிரதோஷத்தில் என் தளிரும் திருமுடி ஏறியது. அதன்மேல் அர்ச்சகர் சொக்கலிங்கத்தின் தளிரை வைத்ததுதான் இன்னும் உறுத்துகிறது.