எனாமல் டம்ளர்

கழுத்தில் வந்த கழலையை அறுத்தெடுத்துக்கொண்டு மதராஸிலிருந்து திரும்பி வந்தேன். வலியசாலையில் எங்கள் தெருவே துக்கம் விசாரிக்க வந்தது. நான் உயிரோடு இருந்தது சிலருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும். கேன்சர் என்ற சொல்லை ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. "அது" என்றார்கள். அடுத்தாத்து மாமி என் பாயிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். காப்பி கொடுத்தால், "இப்பத்தான் ஆச்சுடீ" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கொஞ்ச நாள் ஆத்தோடயே இருந்துடேன்," என்றார் என் கணவர்.

"இருந்தா இவாள்ளாம் தெனம் வந்து பாத்துண்டே இருப்பா. நான் வேலைக்குப் போறேன்."

சொன்ன குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அது சளி பிடித்த ஆண்பிள்ளையின் குரல்போல ஆகியிருந்தது. வம்பே அதுதான். நான் டெலிபோன் ஆபரேட்டர். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகியிருந்த அந்தக் காலத்தில், ஊரில் யார் யாரோடு பேச வேண்டுமானாலும் எங்களில் ஒருத்தி "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டு, கயிற்றைச் செருகி இணைத்துவிட வேண்டும். முகம் யாருக்கும் தெரியாது. குரல்தான் நான்.

எக்ஸ்சேஞ்சில் எங்கள் சூப்பர்வைசர் மலையாளத்து அம்மாள். வயதானவர், கண்டிப்பானவர். நான் வணக்கம் சொன்னதும் தலையைச் சாய்த்து என் குரலைக் கேட்டார்.

"ஒரு ஆழ்ச்சை, ஒரு வாரம் பாக்கலாம், கேட்டோ. சப்தம் சரியா வந்தா போர்டு. இல்லெங்கில் ரிக்கார்டு ரூம்."

ரிக்கார்டு ரூம் என்றால் தூசியும் கரையானும். அங்கே போனவர்கள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்திருக்கிறார்கள்.

போர்டுக்குப் பின்னால் ஜன்னலோரம் ஒரு மண்கூஜாவில் ஜீரக வெள்ளம், அதுதான் ஜீரகம் போட்டுக் காய்ச்சின தண்ணீர், இருக்கும். மேலே ஒரு பித்தளை டம்ளர். நாங்கள் பல ஜாதி. ஒரே டம்ளரில் எல்லோரும் குடித்தோம் என்றால், யாரும் உதடு படக் குடிக்க மாட்டோம் என்பதால்தான். அண்ணாந்து ஊற்றிக்கொள்வோம். எச்சில் படாதவரைக்கும் எங்களுக்குள் பேதம் கிடையாது.

நான் திரும்பிப் போன அன்று அந்தக் கூஜாவின் பக்கத்தில் புதிதாக ஒரு எனாமல் டம்ளர் இருந்தது. வெள்ளை உடம்பு, நீல விளிம்பு. என் பக்கத்து நாற்காலிக்காரி நாஞ்சில்நாட்டுப் பெண், என்னைவிட இளையவள். நான் படுத்திருந்தபோது வீடு தேடி வந்து என்னை ஒட்டி உட்கார்ந்தவள் அவள் ஒருத்திதான்.

"அக்கா, அது உங்களுக்கு. வேற ஆளு யாரும் தொட மாட்டோம்," என்றாள்.

சுருக்கென்றது. அடுத்தாத்து மாமி ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். இவர்கள் ஒரு டம்ளர் தள்ளி வைத்திருக்கிறார்கள். நன்றாக இருங்கள் அம்மா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த டம்ளரைத் தொடுவதில்லை என்று பிடிவாதம்.

தண்ணீர் இல்லாமல் அந்தத் தொண்டை எவ்வளவு நேரம் உழைக்கும்? மத்தியானத்துக்குள் காற்றுதான் வந்தது. சாலைக் கம்போளத்தில் கடை வைத்திருக்கும் ஒருவர், "என்னவே, அங்க பொம்பளையாளு யாரும் இல்லையா?" என்று கேட்டார். இன்னொருவர் மரியாதையாக "சார்" என்றார். சிரித்திருக்கலாம். வரவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சூப்பர்வைசர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார் என்று தெரியும். மறுநாளும் இதே கதை. எனக்குப் பயம் வந்துவிட்டது. இந்த வேலை போனால் அந்தத் தெருவுக்கு நடுவில் பகல் முழுக்க நோயாளியாக உட்கார்ந்திருக்க வேண்டும். நோயைவிட அதற்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

வாரம் முடிகிற அன்று எனக்கு ஆங்காரம் தலைக்கேறிவிட்டது. எழுந்து போய், எல்லோரும் பார்க்கட்டும் என்று பித்தளை டம்ளரையே எடுத்து, நிறைய ஊற்றி, அண்ணாந்தேன்.

தையல் போட்ட இடம் சுண்டி இழுத்தது. கழுத்து பின்னால் சாயவில்லை. தண்ணீர் போகக் கூடாத வழியில் போய்ப் புரையேறி, மூச்சு முட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புடவையெல்லாம் ஈரம். போர்டில் என் வரிசையில், யாரோ கூப்பிடுவதற்கு அடையாளமாக, ஒரு மூடி விழுந்து மணி அடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து நாற்காலிக்காரி எட்டி அதை எடுத்து இணைத்துவிட்டு ஓடிவந்தாள். எனாமல் டம்ளரில் தண்ணீர் ஊற்றி என் வாயில் வைத்தாள். ஒரு மடக்கு உறிஞ்சியதும் மூச்சு வந்தது.

"அண்ணாந்து குடிக்க ஒக்காதுன்னு தெரியாதா அக்கா? அன்னைக்கு வீட்டுல காப்பி கொரவளையில ஏறி நீங்க பட்ட பாட்டை நான் பாத்தேம்லா. வாய்வச்சுக் குடிக்கட்டும்னுதான சாலைக் கம்போளத்துல போயி இதை வாங்கிட்டு வந்தேன்!"

"ஒட்டிக்கும்னு தள்ளி வெச்சேளாக்கும்னு நெனச்சேன்," என்றேன். பாதிதான் வெளியே கேட்டது.

அவள் முகம் சிவந்துவிட்டது. என் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கி, நான் வாய்வைத்த இடத்திலேயே வாய்வைத்துப் பாதியைக் குடித்தாள். மீதியை நீட்டினாள்.

பெற்ற தாய் வாய்வைத்த டம்ளரைக்கூடக் கழுவாமல் எடுக்காத வீட்டில் வளர்ந்தவள் நான். கை நீளவில்லை. நீல விளிம்பில் அவள் உதட்டு ஈரம் தெரிந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அக்கா, இப்பம் நான் உங்களுக்கு ஒட்டிருவேனோ?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. டம்ளரை வாங்கினேன். திருப்பாமல், அந்த இடத்திலேயே வாய்வைத்து, மிச்சமில்லாமல் குடித்தேன்.

அடுத்த மூடி விழுந்தது. உட்கார்ந்து கயிற்றைச் செருகினேன். "நம்பர் ப்ளீஸ்." அதே கரகரப்புதான், ஆனால் வார்த்தை முழுசாக வந்தது. மறுமுனையில் இருந்தவர், "குட்மார்னிங் சார்," என்று சொல்லிவிட்டு நம்பரைச் சொன்னார். இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து நாற்காலிக்காரி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"சிரிச்சது மதி, போதும்," என்றார் பின்னால் நின்ற சூப்பர்வைசர். "திங்களாழ்ச்சை ரெண்டு பேரும் நேரத்தோட போர்டுக்கு வரணும், கேட்டோ."